காலால் பிறந்த மகளும் என் முதுகும்

1

நம் ஊர் வாசகசாலைக் கையெழுத்துப் பத்திரிகைக்கு இலங்கையைப் பற்றி ஏதாவது எழுதி அனுப்பு என்று நீங்கள் கேட்டு ஒரு மழைக்காலம் முழுதும் போய்விட்டது. அருவி, மூடுபனி, துரை பங்களாவின் ரோஜாச் செடிகள் என்று எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் போன வாரம் என் கையிலிருந்து இரண்டு பொருள்கள் கீழே விழுந்தன. அதற்குப் பிறகு அருவியைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

முதலில் விழுந்தது என் தடி. பெரட்டில் விழுந்தது. பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுப்பது. தோட்டத்து ஆட்கள் எல்லாரும் விடியும்முன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து வரிசையில் நிற்க வேண்டும். யார் கொழுந்து பறிக்க, யார் செடி வெட்ட, யார் எந்த மலைக்கு என்று அங்கே பிரித்துவிடுவார்கள். நான் சில்லறைக் கங்காணி. கொழுந்து எடுக்கும் பெண்களுக்குப் பின்னால் நின்று வேலை வாங்குகிறவன். கங்காணி என்றதும் கோட்டும் தலைப்பாகையும் தங்கச் சங்கிலியும் உங்கள் கண்முன் வந்து நிற்கும். அதெல்லாம் பெரிய கங்காணிகளுக்கு. எனக்கு அந்தத் தடி ஒன்றுதான்.

அது கைநழுவிக் காலடியில் கிடந்தது. எடுக்க வேண்டுமானால் குனிய வேண்டும். என்னால் குனிய முடியாது. துரை அப்போதுதான் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளை ஐயா, எனக்கு மேலே உள்ளவர், கூப்பிடுவதை நிறுத்தாமலே நாலடி நடந்து வந்து குனிந்து தடியை எடுத்து என் கையில் திணித்தார்.

“பிடிங்க கங்காணி. தொரை திரும்புறதுக்குள்ள நிமிந்து நில்லுங்க.”

ஒரு கணக்கப்பிள்ளை ஒரு சில்லறைக் கங்காணியின் காலடியில் குனிந்து நான் பார்த்ததில்லை. வரிசையில் நின்ற பெண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. அவமானத்தாலா நன்றியாலா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முப்பதாம் வருஷத்தை ஒட்டித் தேயிலை விலை விழுந்ததிலிருந்து, வேலைக்கு ஏலாதவர் என்று ஒருவரை எழுதிவிட்டால் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். முன்பென்றால் சிரித்துக்கொண்டே ஏறியிருப்பேன். இப்போது நான் போனால் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், எங்களுக்கு இருக்கும் ஒற்றை அறைக் காம்பராவும் போய்விடும். அந்தக் காம்பராவில் என் மகள் செல்லாயி பலகையில் மல்லாந்து படுத்திருக்கிறாள். அவளை அசைக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

2

என் முதுகு கெட்டது ஓர் ஆடி மாத மழையில். செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டிருந்த ஒரு சரிவில் கால் சறுக்கி, தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் உட்கார்ந்தபடியே விழுந்தேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் காலை எழுந்திருக்க முடியவில்லை.

அன்று பிடித்தது இன்னும் விடவில்லை. இடுப்பில் தொடங்கிக் குதிகால் வரை ஒரு நரம்பு சுண்டிச் சுண்டி இழுக்கும். உட்கார்ந்தால் எழ முடியாது. எழுந்துவிட்டால் உட்காரப் பயமாக இருக்கும். தும்மல் வரும்போல் இருந்தால் ஓடிப்போய்க் கதவு நிலையைப் பிடித்துக்கொள்வேன். நம் பக்கத்துச் சமதரையில் இந்த வலியோடு எப்படியாவது காலம் தள்ளியிருக்கலாம். இங்கே கடைக்குப் போனால் இறக்கம், திரும்பி வந்தால் ஏற்றம். சாமி கும்பிடப் போனாலும் படி.

வைத்தியத்துக்கு ஒன்றும் குறைவில்லை. தோட்டத்து மருந்துச்சாலையில் ஒரு பழுப்புச் சீசா கொடுத்தார்கள். தேய்த்தால் எரியும். எரிகிறவரை முதுகு வலி தெரியாது. அவ்வளவுதான் அதன் குணம். பிறகு தலவாக்கலைக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், தமிழர்தானே என்று தைரியமாகப் போனேன்.

“நாரிக்குள்ள நோவோ?” என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எனக்குப் பெஞ்சாதி ஒருத்திதானுங்க” என்றேன். அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு எழுந்து வந்து என் இடுப்பைத் தொட்டு, நாரி என்றால் அவர்கள் பக்கத்தில் இது என்றார். எலும்பு தேய்ந்து நரம்பை அமுக்குகிறதாம். குனியாதே, பாரம் தூக்காதே, பலகையில் படு என்று சொல்லி, இரும்புப் பட்டை வைத்துத் தைத்த தோல் கச்சை ஒன்று கட்டச் சொன்னார். கட்டினேன். இந்த ஊர் ஈரத்தில் தோல் பூஞ்சை பிடித்து, என் பக்கத்தில் யாரும் நிற்க முடியாமல் போயிற்று.

கீழே கிராமத்துச் சிங்கள வைத்தியரிடமும் போனேன். அவர் “கொந்த ரிதெனவத?” என்றார். கொண்டை என்று காதில் விழ, நான் என் குடுமியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவர்களுக்குக் கொந்த என்றால் இடுப்பு; அது வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறார். நல்ல மனிதர். ஒரு கட்டு வெற்றிலையைத் தவிர வேறொன்றும் வாங்கிக்கொள்ளாமல், இலைகளை வதக்கி எண்ணெயில் தோய்த்துக் கட்டிவிட்டார். இரண்டு நாள் இதமாக இருந்தது. மூன்றாம் நாள் பனியில் நின்றதும் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆயிற்று. என் ஒரு முதுகுக்கு இந்த நாட்டில் இத்தனை பேர் வைத்திருக்கிறார்கள். வலிக்கு மட்டும் எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் காது கேட்பதில்லை.

3

செல்லாயி பிறந்தது நான் விழுவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு. காம்பராவுக்குள் என் மனைவி அங்கம்மா கதறிக்கொண்டிருந்தாள். நான் வெளியே மழையில் நின்றேன். பேறு பார்த்த கிழவி தலையை வெளியே நீட்டி, “காலு வருதுடா” என்றாள். தாயும் பிள்ளையும் பிழைத்தது மாரியாத்தா புண்ணியம்.

காலால் பிறந்தவர்கள் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கப்பலேறும்போது நம்மவர்கள் எதையெதையோ விட்டுவிட்டு வந்தார்கள். இதை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டார்கள். எங்கள் தோட்டத்தில் காலால் பிறந்தவள் அவள் ஒருத்திதான். அவள் நடக்கத் தொடங்கியதும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் காம்பரா வாசலில் ஆட்கள் வந்துவிடுவார்கள். நாள் முழுக்கக் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிப் பாரத்தை முதுகில் சுமக்கும் பெண்கள், உரமூட்டை தூக்கும் ஆண்கள், ஒருவர் பாக்கியில்லை. சாக்கை விரித்துக் குப்புறப் படுப்பார்கள். இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு முதுகின் மேல் ஏறி, இடுப்பிலிருந்து தோள் வரை மெல்ல நடப்பாள். இறங்கியதும், பெரியவர்களைக் காலால் தொட்டுவிட்டோமே என்று அவர்கள் முதுகைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அது அங்கம்மா பழக்கிவிட்டது. வெல்லக்கட்டி, வறுத்த கடலை என்று அவள் பாவாடை மடி நிறைந்துவிடும்.

எனக்கு மட்டும் தினசரி வைத்தியம். பெரட்டுக்குப் போகுமுன் படுப்பேன். ஏறி மிதிப்பாள். அந்தக் குளிரில் அந்தச் சின்னப் பாதங்கள் மட்டும் எப்படித்தான் அவ்வளவு சூடாக இருந்தனவோ தெரியாது. இறங்கி, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என் முகத்துக்கு நேரே குனிந்து கேட்பாள்.

“விட்டுருச்சாப்பா?”

“விட்டுருச்சும்மா.”

வலி போட்டது போட்டபடிதான் இருக்கும். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எந்தத் தகப்பனுக்கு வாய் வரும்? துள்ளிக்கொண்டு தாயிடம் ஓடுவாள். அவள் அந்தப் பக்கம் திரும்பிய பிறகு நான் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்திருப்பேன். அங்கம்மா ஒருமுறை பார்த்துவிட்டாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

4

செல்லாயி பெரிய மனுஷியானதும் அங்கம்மா அதையெல்லாம் நிறுத்திவிட்டாள். “வயசுக்கு வந்த புள்ள ஆம்பள முதுகுல காலு வைக்கிறதாவது? அப்பன்னாலும் ஆம்பளதான்” என்றாள். அவள் சொன்னதும் சரிதான். செல்லாயியும் அதற்குள் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போகத் தொடங்கியிருந்தாள். என் கண்முன்னே என் வரிசையிலேயே நிற்பாள். அவள் கைவேகம் பார்த்து மற்றப் பெண்கள் கேலி செய்வார்கள். நான் மகளென்று இரக்கம் காட்டவில்லை. காட்டினால் மற்றவர்கள் சும்மா விடுவார்களா?

ஊரைப் பற்றி அவளிடம் சொல்லுவேன். நம் ஆற்றையும் வயலையும் சொன்னால், “அங்க இவ்வளவு வெயிலுன்னா எப்பிடிப்பா வெளிய நடக்கிறது?” என்று கேட்பாள். சிங்களப் பெண்களோடு, மலைத் தண்ணீர் விழும் பீலியில் குடம் பிடிக்கும்போது அவர்கள் பாஷையில் சிரித்துப் பேசுவாள். அவளுக்கு ஊர் என்றால் இந்த லயம்தான். முதுகு ஏலாமல் போனதும் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று நானும் அங்கம்மாவும் பேசிக்கொள்ளும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவாள்.

நோர்வூட் பக்கத்துத் தோட்டத்தில் மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்தோம். அங்கேயும் கூடைதான். ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது தீபாவளிக்கு வந்தாள். படியேறி வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்த நடை எனக்குத் தெரிந்த நடை.

“கூடை வலிப்பா. எல்லாருக்கும் இருக்கிறதுதானே” என்றாள். பிறகு அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்: “ஊருக்கெல்லாம் மிதிச்சேன். என் காலு என் முதுகுக்கு எட்டலையேப்பா.”

எல்லாரும் சிரித்தோம். பொங்கலுக்குள் அவளால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. நடு முதுகில் ஓர் எலும்பு வெளியே புடைத்துக்கொண்டு வந்தது. மாலை நேரங்களில் காய்ச்சல் அடித்தது. பிறகு ஒரு நாள் பீலிக்குப் போனவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கால்கள் எழவில்லை. மாப்பிள்ளை அவளை முதுகில் சுமந்துகொண்டு வந்து பஸ் ஏற்றி எங்களிடம் கொண்டுவந்தார்.

5

ஆஸ்பத்திரியில் சேர்க்கத் துண்டு வேண்டும். இன்ன தோட்டத்து ஆள் என்று துரை கையெழுத்திட்டுக் கொடுக்கும் சீட்டு அது. கலியாணமாகிப் போன அன்றே எங்கள் தோட்டத்தில் அவள் பேரை வெட்டிவிட்டார்கள். மாப்பிள்ளையின் தோட்டத்திலோ, பல நாள் வேலைக்கு வராததால் அங்கேயும் பேரை வெட்டியிருந்தார்கள். நான் இங்கே போய்க் கேட்டால் அங்கே போ என்றார்கள். மாப்பிள்ளை அங்கே போய்க் கேட்டால் இங்கே போ என்றார்கள். இந்த மலையில் பிறந்து, இந்த மலையில் கொழுந்து எடுத்து, முதுகு ஒடிந்த பெண் எந்தத் தோட்டத்து ஆள் என்று கேட்டால் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. இதை உங்களுக்குப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. எனக்கே புரியவில்லை.

கடைசியில் என்னைப் பார்த்துச் சிரித்த அந்த யாழ்ப்பாணத்து டாக்டரே துண்டு இல்லாமல் சேர்த்துக்கொண்டார். அவள் முதுகைத் தடவிப் பார்த்தவர் சிரிக்கவில்லை.

“ஆரையும் கொண்டு மிதிப்பிச்சனியளோ?” என்று கேட்டார்.

“இல்லைங்க. மிதிக்க ஆளில்லைங்க” என்றேன்.

“நல்ல காலம். மிதிச்சிருந்தா இந்த எலும்பு அப்பவே முறிஞ்சிருக்கும்.”

காசம் நெஞ்சில் மட்டும் வருவதில்லையாம். எலும்பிலும் வருமாம். முள்ளந்தண்டை அரித்துவிட்டதாம். எங்கள் தோட்டத்தில் காலால் பிறந்தவள் அவள் ஒருத்தியாக இருந்ததால்தான் அவள் முதுகை யாரும் மிதிக்கவில்லை. இதற்காகச் சாமிக்கு நன்றி சொல்வதா, சாமியைத் திட்டுவதா என்று அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று யோசித்தேன்.

சுண்ணாம்பு மாதிரி ஒன்றைக் குழைத்து அவள் உடம்பைச் சுற்றிப் பூசிக் கெட்டிப்படுத்தி மாதக்கணக்கில் படுக்க வைத்தார்கள். பிறகு, இனி வீட்டில் பலகையில் படுக்கட்டும், மீன் எண்ணெயும் பாலும் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கிளம்பும்போது டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“ஒவ்வொரு நாளும் உள்ளங்காலில குளிர்ந்த துணி வைச்சுப் பாரும். குளிர் தெரியுது எண்டு சொன்னாளெண்டா, பிறகு நடப்பாள். தெரியாட்டில்...”

நான் கும்பிட்டுவிட்டு, அவளைத் தூக்க ஆள் பார்க்கப் போனேன்.

6

அன்றிலிருந்து எங்கள் காலைகள் இப்படித்தான். அங்கம்மா அடுப்பு மூட்டுவாள். நான் பீலியில் துணியை நனைத்துப் பிழிந்து கொண்டுவருவேன். செல்லாயிக்குத் தலையணை கூடாது, தலையைத் திருப்பக் கூடாது. கூரைத் தகரத்தைப் பார்த்தபடியே கிடப்பாள். நான் அவள் கால்மாட்டில் நின்று துணியை உள்ளங்காலில் வைப்பேன். பலகையை நாலு மரக்கட்டைகள் மேல் தூக்கி வைத்திருப்பதால் எனக்குக் குனிய வேண்டியதில்லை. அதைச் செய்துகொடுத்தவர் மாப்பிள்ளை.

“தெரியுதாம்மா?”

“தெரியலப்பா.”

மாதங்கள் இப்படியே போயின. மாப்பிள்ளை முதலில் வாராவாரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிறகு சம்பள வாரத்தில் மட்டும் வந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சின்ன வயசு, தூரம் அதிகம், குழந்தையை அவருடைய அம்மா வளர்க்கிறாள். கடைசியாக வந்தபோது குழந்தை சுவரைப் பிடித்து நின்று ஓரடி எடுத்து வைத்தது. “பாரு, பாரு” என்று எல்லாரும் கத்தினோம். செல்லாயியால் தலையைத் திருப்ப முடியாது. “எங்க? எந்தக் காலை மொத வச்சா?” என்று தகரத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று மாப்பிள்ளை போன பிறகு அவள் சாப்பிடவில்லை.

மறுவாரம் ஒரு காலை, நான் துணியை வைத்ததும், கேட்பதற்கு முன்பே சொன்னாள்.

“அப்பா, லேசா தெரியுதுப்பா.”

அங்கம்மா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். மகளைக் கட்டிப்பிடிக்கவும் கூடாதே. பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். மாரியாத்தாளுக்குத் தீச்சட்டி நேர்ந்துகொண்டாள். நான் பெரட்டுக்குப் போகிற வழியில் கணக்கப்பிள்ளை ஐயாவிடம் சொன்னேன். “அப்ப இன்னும் கொஞ்சம் பல்லக் கடிச்சுக்கிட்டு நில்லுங்க கங்காணி. அவ எந்திரிக்கிற வரைக்கும்” என்றார். அதனால்தான் தடி விழுந்த அன்று அவர் குனிந்தார்.

அதன்பின் தினமும் தெரியுது தெரியுது என்றாள். ஒரு நாள் லேசாக, ஒரு நாள் நன்றாக. என் முதுகு இரும்பாகிவிட்டது போலவும் எத்தனை மலை வேண்டுமானாலும் ஏறுவேன் போலவும் இருந்தது. இந்த மாதக் கடைசியில் டாக்டரிடம் போய்ச் சொல்வதற்குச் சட்டையைக்கூட வெளுத்து வைத்தேன்.

7

தடி விழுந்து இரண்டு நாள் கழித்து இரண்டாவது பொருள் விழுந்தது.

அன்று பனி அதிகம். பீலித் தண்ணீரில் விரல்கள் விறைத்துப் போயிருந்தன. அவள் கால்மாட்டில் வந்து நின்றேன். துணி என் விரலிடுக்கிலிருந்து நழுவித் தரையில் விரித்திருந்த சாக்கின் மேல் விழுந்தது. சத்தமே இல்லை. எடுக்க வேண்டும். பலகையின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கலாமா, சாய்ந்து எடுக்கலாமா, அங்கம்மாவைக் கூப்பிடலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

“தெரியுதுப்பா” என்றாள் செல்லாயி. “இன்னைக்கு நல்லாவே தெரியுது. ஜில்லுன்னு இருக்கு.”

அடுப்படியிலிருந்து அங்கம்மா, “ஆத்தா கண்ணத் தொறந்துட்டா” என்றாள்.

அந்தப் பாதங்கள் என் முன்னால் இருந்தன. ஈரம் இல்லாமல், வெறுமையாக, என் முதுகில் நடந்த அதே பாதங்கள். அவள் முகத்தைப் பார்த்தேன். தகரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு என்னுடையது. வருஷக்கணக்காக நான் அவளுக்கு முகம் காட்டிச் சிரித்த சிரிப்பு.

“நல்லதும்மா” என்றேன்.

என் குரலில் அவளுக்கு ஏதோ பட்டிருக்க வேண்டும். பிறகு மெல்லக் கேட்டாள்.

“ஒங்க முதுகு எப்பிடிப்பா இருக்கு?”

“விட்டுருச்சும்மா” என்றேன்.